எங்கள் ஹால் வழியாகப் போன நேர்கோடு

தாம்பரத்தில் பிறந்தவர்கள், தாம்பரத்துக்குக் குடிவந்தவர்கள், வேறெங்கோ இறங்க வேண்டியிருந்தும் தூங்கிப்போய்த் தாம்பரத்தில் இறங்கிவிட்டவர்கள் ஆகிய அத்தனை பேரிலும், ஒரு தெருமுனையில்கூடத் திரும்பாமல் வாழ்ந்து காட்டியவர் நேர்கோடு சார் ஒருவர்தான். இதை நம்பாதவர்கள் அந்த நாளில் மேற்குத் தாம்பரத்தில் வீடு கட்டியிருக்க மாட்டார்கள். கட்டியிருந்தால், அவர் குடையும் கையுமாக முன்வாசல் வழியாக நுழைந்து, ஹாலைக் கடந்து, கொல்லைக் கதவு வழியாக வெளியே போனதைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அறுபதுகளின் கடைசி அது. மேற்குத் தாம்பரத்தில் வீடுகளைவிட மனைக்கற்கள்தான் அதிகம். லேஅவுட் போட்டவர்கள் சாலைகளைக் காகிதத்தில் மட்டும் போட்டிருந்தார்கள். மற்றபடி முள், குட்டை, எருமை. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அடுத்த ஓட்டு வீடு சாருடையது. அவருக்கு ஒரு நல்ல பெயரும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அதைச் சொல்லி அழைப்பார்கள் என்று கேள்வி. சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் மாஸ்டர். நான் பாரிமுனையில் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா. இரண்டு பேருக்கும் காலையில் ஒரே எலெக்ட்ரிக் ரயில். என் கஷ்டகாலம் அங்கேதான் ஆரம்பித்தது.

அவர் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தூரத்தில் ஸ்டேஷன் நடைபாலம் தெரியும். சார் அதைக் குறிபார்த்து நடப்பார். குட்டை வந்தால் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குட்டைக்குள் இறங்குவார். முள்வேலி வந்தால் குடையால் விலக்கிக்கொண்டு புகுவார். நான் ஓரமாகச் சுற்றி ஓடினால் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவார்.

"தம்பி, நீங்க போறது டிஸ்டன்ஸ். நான் போறது டிஸ்ப்ளேஸ்மென்ட், ரெண்டு புள்ளிக்கு நடுவுல நேர் தூரம். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் ஜனங்க செருப்பைத் தேய்ச்சுக்கறாங்க."

வழியில் எருமை படுத்திருந்தால்தான் பெரிய ஆபத்து. சுற்றிப் போக மாட்டார். எருமை எழுந்திருக்கும் வரை அதன் எதிரிலேயே நிற்பார். ரயில் வரும் சத்தம் கேட்கும். "சார், ரெண்டடி தள்ளிப் போனா என்ன சார்?" என்று கெஞ்சுவேன்.

"வெலாசிட்டி சைபர் ஆகலாம் தம்பி. டைரக்‌ஷன் மாறக் கூடாது" என்பார். எருமை அசை போடும். ரயில் போய்விடும். ஆபீஸில் மேனேஜரிடம் எருமையைப் பற்றி எத்தனை தடவைதான் சொல்வது? கடைசியில் அவரே, "இன்னைக்கும் எருமையா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

காலையில் இப்படி நிற்பவர் சாயங்காலம் நிற்கவே மாட்டார். ஒரே சீரான நடை. கூப்பிட்டாலும் நிற்க மாட்டார், மழை கொட்டினாலும் ஓட மாட்டார். இதற்குக் காரணம் அவர் மனைவி. ஊருக்கே அவர் 'டீச்சர்'. சாரின் பள்ளிக்கூடத்திலேயே வேலை பார்த்தவர். ஏதோ ஒரு காய்ச்சலில் விழுந்து எழுந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் போய்விட்டது. காலையில் சார் அவரைத் தூக்கி வாசலருகே பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து, கைக்கு எட்டும்படி திரி ஸ்டவ், பால், அரிவாள்மணை எல்லாம் வைத்துவிட்டுப் போவார். டீச்சர் அங்கிருந்தபடியே சமைப்பார், தைப்பார், தெருவில் போகிற எங்களையெல்லாம் கிண்டலும் செய்வார்.

"எங்க வீட்டுக்காரர் கிளாஸ்ல வருஷம் பூரா நேர்கோட்டு இயக்கம் ஒண்ணுதான் நடக்குது. மத்த பாடத்தையெல்லாம் வேற வாத்தியார்கிட்ட தள்ளிட்டாங்க. நல்லவேளை, நான் இங்கிலீஷ் டீச்சர்" என்று சிரிப்பார்.

சாயங்காலம் ரயில் வந்ததும் சார் பாலத்தின் மேலே ஏறி, நடுவில் நின்று, குடையை விரிப்பார். வெயிலோ மழையோ, விரிப்பார். அரை மைலுக்கு அப்பால் நாற்காலியில் இருக்கும் டீச்சருக்கு அந்தக் கறுப்புப் புள்ளி தெரியும். பதிலுக்கு ஒரு வெள்ளைத் துண்டை ஆட்டுவார். ஆட்டிவிட்டு ஸ்டவ்வில் பாலை வைப்பார். சார் அதே வேகத்தில் நடந்து வாசலை மிதிக்கும்போது காபி தயாராக இருக்கும். வழியில் அவர் நின்றால் காபி ஆறிவிடும். ஓடிவந்தால் பால் காய்ந்திருக்காது. பாலத்துக்கும் நாற்காலிக்கும் நடுவில் எதுவும் வந்து மறைக்கக் கூடாது, இவ்வளவுதான் அந்த மனிதர் இந்த உலகத்திடம் கேட்டது. மனை விற்பனை சூடுபிடித்திருந்த தாம்பரத்தில் இருந்துகொண்டு கேட்டார், பாவம்.

பாலத்தின் மேலே அவர் குடை விரித்ததால் வந்த வம்புகள் தனி. பின்னால் வருகிற கூட்டம் முழுக்க அவர் முதுகில் மோதும். கோவளத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவந்து விற்கும் மீன்காரம்மா ஒருநாள் கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"இன்னா சார், வானத்துல ஒரு மேகம் காணோம், கொடைய விரிச்சிக்கினு நிக்கிறே? பின்னாடி ஜனம் நசுங்குது. பேஜார் பண்ணாத, நவுரு!"

"ஒரு நிமிஷம்மா. வீட்டுக்குச் சொல்லிட்டு வந்துடறேன்."

"இங்கேர்ந்து வூட்டுக்குச் சொல்றியா? இன்னா, உன்னாண்ட ரேடியோ ஸ்டேஷன் கீதா?"

சார் கையை நீட்டிக் காட்டினார். மீன்காரம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு நெற்றிக்கு மேலே கைவைத்துப் பார்த்தாள். "அத்தோ! வெள்ளையா இன்னாமோ ஆடுது! அது உன் சம்சாரமா?" என்றாள். அன்றிலிருந்து அவள் கட்சி மாறிவிட்டாள். யாராவது சாரை இடித்தால், "யோவ், சார் கொடை விரிக்கிறது தெரில? கண்ணு இன்னா பொடனியிலயா கீது? நின்னு போ!" என்று பாலத்தையே நிறுத்திவிடுவாள். அந்த நெரிசலில் நானும் நசுங்கியிருக்கிறேன்.

முதல் இடி பேங்க்காரர் ரூபத்தில் விழுந்தது. பேங்க்கில் வேலை பார்த்த ஒருவர் ஸ்டேஷன் பக்கத்து மனையை வாங்கி அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தார். கயிறு கட்டியிருந்த இடம் சாரின் நேர்கோட்டில் சப்பென்று உட்கார்ந்திருந்தது. சார் போய் முறையிட்டார்.

"சார், உங்க வீடு என் வழியில நிக்கப் போகுது."

"இது என் மனைங்க. பத்திரம் இருக்கு."

"பத்திரத்துல ஏரியாதான் சார் இருக்கும். டைரக்‌ஷன் இருக்காது."

பேங்க்காரர் போலீஸைக் கூப்பிடுவதாகச் சொன்னார். சார் வாக்குவாதம் செய்யவில்லை. அவரைக் கையோடு அழைத்துவந்து, டீச்சரிடம் அனுமதி கேட்டு, டீச்சரைத் தூக்கிப் பக்கத்துக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு, பேங்க்காரரை அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்காரச் சொன்னார். "அங்கே பாருங்க சார். பாலம் தெரியுதா?" என்றார். பேங்க்காரர் பார்த்தார். டீச்சர் கொடுத்த காபியைக் குடித்தார். எழுந்து போனார்.

அந்தக் காலத்தில் யார் வீடு கட்டினாலும் முன்வாசலும் கொல்லை வாசலும் நேருக்கு நேராகத்தான் வைப்பார்கள். தெருவில் நின்று பார்த்தால் கொல்லைக் கிணறு தெரிய வேண்டும். பேங்க்காரர் அந்த இரண்டு வாசலையும் சாரின் கோட்டில் வைத்துக் கட்டினார். சாயங்காலமானால் இரண்டு கதவுகளும் திறந்திருக்கும். டீச்சருக்குப் பாலம் தெரியும். சார் உள்ளே புகுந்து வெளியே போவார்.

அதற்குப் பேங்க்காரர் பட்ட பாட்டை ரயிலில் எங்களிடம் சொல்லிப் புலம்புவார். அவர் தங்கையைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பஜ்ஜி, சொஜ்ஜி, பாட்டு எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது. சொட்டச் சொட்ட நனைந்த குடையுடன் சார் நுழைந்தார். "மன்னிக்கணும். யூனிஃபார்ம் வெலாசிட்டி. நிக்க முடியாது" என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே நடந்து கொல்லைப்புறம் போய்விட்டார்.

"யாருங்க இவர்?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

பேங்க்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. "வழிங்க" என்றார்.

"வழியா?"

"ஆமாங்க. எங்க வீட்டுக்கு நடுவுல ஒரு வழி போகுது."

அந்த வரன் அமையவில்லை. ஆனாலும் பேங்க்காரர் கதவை மூடவில்லை. அடுத்து வந்தவர்களை ஏழு மணிக்கு மேல் வரச் சொன்னார், அவ்வளவுதான்.

இரண்டாவது இடி எங்களுடையது. சார் வீட்டுக்கு நேர் எதிரே, நடுவில் ஒரு சந்து மட்டும் விட்டு, ஒரு மனை விலைக்கு வந்தது. எழுபதுகள் பிறந்திருந்தன. அப்பா ரிட்டையராகப் போகிற சமயம். வாங்கிவிட்டார். வாங்கிய அன்றே சாரிடம் போய், "கவலைப்படாதீங்க சார். ரெண்டு வாசலையும் உங்க கோட்டுலேயே வைக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தார். சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதிலுக்கு ஏதாவது நல்லது செய்யத் துடித்தார்.

"ஒரு விஷயம் சொல்றேன் சார். பேஸ்மென்ட்டை நல்லா உசத்திப் போடுங்க. ஐப்பசி மழையில என் வீட்டுக்குள்ள கட்டில் கால் முங்குற மாதிரி தண்ணி நிக்குது. நான் பட்ட கஷ்டம் நீங்க படக் கூடாது."

அப்பா கேட்டுக்கொண்டார். கேட்காமலேயே தாம்பரத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஒருவர் இடுப்பளவு உயர்த்தினால் அடுத்தவர் மார்பளவு உயர்த்துவார். அப்பா கிட்டத்தட்ட ஆளுயரத்துக்கு உயர்த்தினார். வாசற்கால் வைக்கிற அன்று மேஸ்திரியைத் தள்ளிவிட்டுச் சாரே நூல் பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "இடப்பக்கம் ஒரு விரல், இன்னும் ஒரு விரல், நில்லு!" என்று மேஸ்திரியை வதைத்து எடுத்தார். அவ்வளவு சரியாக வைத்த வாசல் தமிழ்நாட்டில் வேறு கிடையாது.

கட்டி முடிக்கிற வரை செங்கல் அடுக்கும் மணல் குவியலும் சாரமும் டீச்சரை மறைத்துக்கொண்டிருந்தன. அந்த மாதங்களில் காபி ஒருநாள் ஆறியிருக்கும், ஒருநாள் பாலே காய்ந்திருக்காது. "வீடு முடியட்டும், எல்லாம் தெரியும்" என்று சார் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிரகப்பிரவேசத்தன்று எங்கள் வீட்டுக்குள் முதலில் பசுமாடு நுழைந்தது. அடுத்து நேர்கோடு சார் நுழைந்தார். படியேறி, ஹாலில் நடந்து, கொல்லை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். எங்கள் இரண்டு வாசல், பேங்க்காரரின் இரண்டு வாசல், அதற்கப்பால் பாலம். எல்லாம் ஒரே கோடு. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். படியிறங்கிச் சந்தைக் கடந்து வீட்டுக்குப் போனார். "இப்ப பாரு" என்று டீச்சரிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

அப்பாவும் நானும் போய்ப் பார்த்தோம். டீச்சரின் நாற்காலிக்கு நேர் எதிரே எங்கள் வீட்டுக் கருங்கல் பேஸ்மென்ட் சுவராக நின்றது. கொல்லை வாசல் அதற்கு மேலே எங்கேயோ இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் வாசல் வழியாக எங்கள் ஹாலின் உத்தரம்தான் தெரிந்தது. சார் நாற்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"இடது வலது பார்த்தேன் சார். மேலே கீழேன்னு ஒண்ணு இருக்கறதையே விட்டுட்டேன். உசத்திப் போடுங்கன்னு நானே என் வாயால சொன்னேன்."

கட்டிய வீட்டை இறக்கவா முடியும்? நாற்காலியை மேஜை மேல் போட்டுப் பார்த்தோம். டீச்சர் தலை ஓட்டில் இடித்தது. "விடுங்க சார், நான் பாலத்தைப் பார்க்கணும்னு ஓட்டைப் பிரிக்க வேண்டாம்" என்று டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்துவிட்டேன்.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புது வீட்டில் அம்மாவுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, சிவப்பு சிமென்ட் தரை. தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கலாம்போல வைத்திருந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து துடைப்பாள். அப்பாவே வாசலில் காலைக் கழுவி, துடைத்து, காட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். அந்தத் தரையில் தினம் சாயங்காலம் குட்டைச் சேற்றோடு சார் நடந்து போனார். "தூக்குல தொங்கலாம் போல இருக்கு" என்று அம்மா துணியோடு பின்னாலேயே போவாள்.

ஆனால் கிரகப்பிரவேசத்துக்கு மறுநாளே அம்மா ஒரு வேலையைத் தானாக எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் எங்கள் உயரமான முன்வாசலில் வந்து நிற்பாள். பாலத்தில் குடை விரிந்ததும் ஹால் வழியாக ஓடிப்போய்க் கொல்லை வாசலில் நின்று, "டீச்சர்! குடை வந்தாச்சு!" என்று கத்துவாள். கீழே டீச்சர் ஸ்டவ்வைப் பற்றவைப்பார். அப்படியே திரும்ப ஓடிவந்து, முன்வாசலில் நின்று, அம்மா ஒரு வெள்ளைத் துண்டை ஆட்டுவாள். அது எங்கள் அப்பாவின் பூஜைத் துண்டு.

இப்படிச் சில வருடங்கள் ஓடின. தரையைப் பற்றிய புலம்பலும் ஓயவில்லை, ஓட்டமும் ஓயவில்லை. ஒரு மார்கழி மாதம் டீச்சருக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்துக்குத் தெருச் சுற்றித்தான் போக வேண்டும். பெட்டி வைத்த வண்டிக்குப் பின்னால் சார் நடந்தார். வண்டி முதல் தெருமுனையில் திரும்பியது. சாரும் திரும்பினார். அதுவரை அவர் திரும்பி நான் பார்த்ததே இல்லை. என்னால் தாங்க முடியவில்லை. பேங்க்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் சார் எங்கள் வீட்டு வழியாக வரவில்லை. எல்லோரையும்போல ரோட்டில் நடந்து, முனைக்கு முனை திரும்பி, வீட்டுக்குப் போனார். எருமையைக்கூடச் சுற்றிப் போனார். எனக்கு ரயில் தவறுவதே இல்லை. மேனேஜர் ஒருநாள், "என்னய்யா, அந்த எருமை செத்துப்போச்சா?" என்றே கேட்டுவிட்டார். அம்மாவின் தரை கண்ணாடிபோலக் கிடந்தது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மீன்காரம்மாதான் கொல்லைப் படியில் வந்து உட்கார்ந்து சொன்னாள். "யம்மா, சார் பாலத்து மேல கொடைய விரிக்கிறதே இல்ல. கக்கத்துல இடுக்கிக்கினு, தலைய குனிஞ்சிக்கினு போறாரு. நானும் கூடைய எறக்கி வெச்சிட்டு அப்டியே பாத்துக்கினு நின்னுட்டேம்மா."

மறுநாள் காலை சார் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது அம்மா ரோட்டிலேயே போய் அவரை மறித்தாள்.

"ஏன் சார், ரோட்டைச் சுத்திப் போறீங்க? கதவு ரெண்டும் திறந்துதானே இருக்கு?"

சார் குடையைக் கை மாற்றிக்கொண்டார். "எப்படிப் போனாலும் டிஸ்ப்ளேஸ்மென்ட் ஒண்ணுதாம்மா. போய்ச் சேர்ற இடத்துல யாரும் இல்லை."

"எனக்கு உங்க பாடமெல்லாம் தெரியாது சார். சாயங்காலமானா வாசல்ல போய் நிக்கறேன். குடை தெரியலை. உள்ளே வந்தா கை வேலையில ஓட மாட்டேங்குது. இன்னைக்குக் குடையை விரிங்க. காபிக்குப் பால் வைக்கிறேன்."

சார் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

அன்றைக்குப் பார்த்து மத்தியானத்திலிருந்து மழை. எனக்கு லீவு. அம்மாவோடு நானும் வாசலில் நின்றேன். ரயில் வந்தது. பாலம் முழுக்கக் குடைகள், எல்லாம் கறுப்புக் குடைகள். இதில் எதை என்று பார்ப்பது? எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அம்மா மட்டும் கண்ணை எடுக்கவில்லை. குடைகள் ஒவ்வொன்றாக நகர்ந்து படியிறங்கிப் போயின. ஒரே ஒரு குடை மட்டும் நடுவில் நகராமல் நின்றது.

"வந்தாச்சு" என்றாள் அம்மா. பழக்கத்தில் கொல்லை வாசல் வரைக்கும் ஓடிவிட்டு, கீழே சார் வீட்டு வாசலில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, துண்டை ஆட்டினாள். ஆட்டும்போதே அழுதாள்.

குட்டை வழியாக, பேங்க்காரர் வீட்டு வழியாக, முழங்கால் வரை சேறாக, அதே சீரான நடையில் சார் வந்தார். எங்கள் ஹால் நடுவில் முதல் தடவையாக நின்றார். காபியைக் குடித்தார். "சூடா இருக்கும்மா" என்றார். பிறகு கொல்லைப் படியிறங்கிப் போனார்.

முன்வாசலிலிருந்து கொல்லை வாசல் வரை சிவப்புத் தரையில் சேற்றுக் கால்தடங்கள் ஒரே கோடாகக் கிடந்தன. அம்மா அவற்றை மறுநாள் காலை வரை துடைக்கவில்லை. அப்பாவும் நானும் அதை மிதித்துவிடாமல் சுவரோரமாகச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தோம்.